எரியாத எண்ணெய்

திரேஸ்புரம் கடற்கரையில் பர்னபாஸின் செருப்பு கழன்று விழுந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். கூட நடந்த அவன் மகன் பார்க்கவில்லை. பர்னபாஸே பார்க்கவில்லை. இடதுகால் செருப்பு ஈர மணலில் தனியாகக் கிடந்தது. அவன் ஒற்றைச் செருப்போடு வள்ளத்தை நோக்கி நடந்து போய்க்கொண்டே இருந்தான்.

“ஏலே பர்னபாசு, செருப்ப யாருக்குலே எழுதி வச்சிட்டுப் போற?” என்று கூப்பிட்டேன்.

அவன் நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. ஒரு கண நேரம் அவன் முகம் செத்துப் போனது. பிறகு சமாளித்துக்கொண்டான்.

“அதுக்கு என்னைய அலுத்துப் போச்சு அண்ணாச்சி. வீட்ல மரியசெல்விக்கு அலுத்த மாதிரி.”

அவன் மகன் ஆன்டனி சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கடைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகும் எனக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. காலில் கிடந்த செருப்பு போனது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் இருக்குமா?

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றதை ஊர் சொல்லும். பெயர் மந்திரமூர்த்தி. சாயர்புரத்துப் பக்கம் பனை ஏறியவர் மகன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. தூத்துக்குடிக்கு வந்து எண்ணெய்க் கடையில் பீப்பாய் கழுவினேன். இன்றைக்கு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் மூன்று ஷட்டர் வைத்த கடை எனக்குச் சொந்தம். வள்ளத்துக்கு, லாரிக்கு, அடுப்புக்கு, விளக்குக்கு, எதற்கு எந்த எண்ணெய் வேண்டுமோ அது என்னிடம் உண்டு. ஒருவர் கை பிடித்து நான் மேலே வரவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு என் விரலில் ஒரு சொட்டு வைத்தால் போதும். என்ன எண்ணெய், புதிதா பழையதா, என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நான் சொல்ல முடியாமல் நின்றது ஒரே ஒரு எண்ணெய்க்கு முன்னால்தான். அது பர்னபாஸ் வீட்டில் இருந்தது.

பர்னபாஸ் சங்கு குளிப்பவன். என்னைவிட வயதில் இளையவன், ஆனால் கடலில் அவனுக்கு மூப்பு அதிகம். உப்பில் வெளுத்துச் செம்பட்டையான தலை. வலது காது கேட்காது. அதனால் யாரோடு பேசினாலும் அவரைத் தன் இடப்பக்கம் நிறுத்தித்தான் பேசுவான். இளவயதில் மூச்சை அடக்கிக் குளித்தவன், பிறகு கம்ப்ரசருக்கு மாறினான். கம்ப்ரசர் வைத்துக் குளிப்பதை அரசாங்கம் ஒத்துக்கொள்வதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் குளிக்கிறார்கள்.

இந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அது காற்றை அமுக்கி, பஞ்சும் கரியும் அடைத்த ஒரு டப்பா வழியாக நீளமான ஓஸ் குழாய்க்குள் அனுப்பும். ஓஸின் மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருவன் கடலடியில் சங்கு பொறுக்குவான். மேலே ஒருவன் மிஷினையும் ஓஸையும் பார்த்துக்கொள்வான். மிஷின் நின்றால் கீழே இருப்பவன் மூச்சும் நின்றது. மிஷின் எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் அவன் நெஞ்சு வாங்கும்.

பர்னபாஸ் வள்ளத்தில் இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, ஒருவன் ஓஸில் இன்னொருவன் மூச்சு வாங்கக்கூடாது; கரைக்கு வந்ததும் அவனவன் ஓஸின் இரண்டு வாயையும் அவனவனே மெழுகுத் துணியால் இறுக்கி அடைக்க வேண்டும், மறுநாள் அவனே திறக்க வேண்டும். ஒரு வருஷம் ஓய்வுக் காலத்தில் திறந்து கிடந்த ஓஸுக்குள் குளவி மண்கூடு கட்டி, அது தெரியாமல் இறங்கிய ஒருவன் பாதி உயிரோடு மேலே வந்தான். அன்றிலிருந்து இந்தச் சட்டம்.

இரண்டாவது, மிஷினுக்குச் சாப்பாட்டு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். என்னிடம் எத்தனையோ கம்பெனி எண்ணெய் இருந்தது. ஒன்றையும் தொடமாட்டான். “நெஞ்சுக்குள்ள போறது வயித்துக்குள்ள போற எண்ணெயா இருக்கட்டும் அண்ணாச்சி” என்று தேங்காய் எண்ணெய் வாங்கிப் போவான். அதில் ஒரு தொல்லை இருந்தது. மிஷின் சூடேறினால் அந்த எண்ணெய் கருகும். கருகிய வாடை ஓஸ் வழியாக இறங்கும். தலைசுற்றிப் பாதி நாளில் மேலே வந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் சங்குக் காலம் தொடங்கியதிலிருந்து அவன் என் கடைக்கு எண்ணெய் வாங்க வரவே இல்லை. வேறு கடை பிடித்துவிட்டான் என்று எனக்குக் கோபம். அதனால் நானும் கேட்கவில்லை.

செருப்பு விழுந்த பிறகு அவன் நடை மாறியது. கால் விரல் தரையைக் கீறிக்கொண்டு வந்தது. முழங்காலை உயரத் தூக்கி, தண்ணீருக்குள் நடப்பவனைப் போல மணலில் நடந்தான். கடற்கரையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடல் அமுக்கம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். டாக்டரிடம் போனான். அங்கே மீன்பிடித் தொழில் என்று சொன்னானே ஒழிய, கம்ப்ரசர் என்ற சொல்லை எடுக்கவில்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயம். அவர் சர்க்கரை பார்த்தார், முதுகெலும்பு பார்த்தார், சத்து ஊசி போட்டார். சொல்லாததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கடைசியில் கம்பு இல்லாமல் நடக்க முடியாமல் போனது. அதுவரை மேலே நின்று மிஷின் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டனி, அப்பன் இடத்தில் கடலுக்குள் இறங்கினான். அவனுக்கென்று மஞ்சள் நிறத்தில் புது ஓஸ் வாங்கினார்கள். மேலே மிஷின் பார்க்க அவன் கூட்டாளி ஜெர்சன் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தான். கெண்டைச் சதை வற்றியிருந்தது. சங்குப் பையோடு ஏறி வந்த கால்களா இவை என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

“பஞ்சுல நடக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி. தரை எங்கன இருக்குன்னு கண்ணாலதான் பாக்க வேண்டியிருக்கு” என்றான். “ராத்திரி வெளக்க அணைச்சா எனக்கு காலே கிடையாது.”

“அது கெடக்கட்டும். இந்த வருசம் மிஷினுக்கு எவன் கடையில எண்ணெ வாங்குன? நான் என்ன கலப்படமா விக்கேன்?”

“கடல்ல வாங்குனேன். ஓசிக்கு.”

அடுப்படியில் இருந்து அவன் மனைவி மரியசெல்வி வெளியே வந்தாள். “அந்தச் சவத்து எண்ணெயப் பத்திப் பேசாதீங்க அண்ணாச்சி.”

விஷயம் இதுதான். மழைக்காலம் முடிந்து கடல் தணிந்தபோது கரைக்கு எதிரே இருக்கும் வான் தீவுக்கு அப்பால் ஒரு பெரிய நீல நிறக் கேன் மிதந்து வந்திருக்கிறது. சீல் உடைபடவில்லை. எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ, எழுத்தெல்லாம் உப்பில் அரித்துப் போயிருந்தது. கடல் கொடுத்ததைத் தள்ளுவது இந்தக் கரையில் வழக்கமில்லை. பர்னபாஸ் திறந்து பார்த்தான். தெளிந்த எண்ணெய். வாடை இல்லை. தீக்குச்சி கிழித்துப் போட்டான். தீக்குச்சி அணைந்தது, எண்ணெய் பற்றவில்லை. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது.

“எரியாத எண்ணெ அண்ணாச்சி. நெனச்சுப் பாருங்க” என்றான். கால் போன நிலையிலும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். “எரியலன்னா கருகாது. கருகலன்னா நாறாது. நம்ம மிஷினுக்குன்னே மாதா அனுப்புனது. அத ஊத்துன பொறவு மூச்சு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? காலையில பனங்காட்டுக்குள்ள நிக்க மாதிரி. பொழுதுக்கும் கீழ கெடந்தேன். ஒரு தலைசுத்து இல்ல.”

“மாதா அனுப்புனாளா?” மரியசெல்வி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணாச்சி, அத ஒருநா நான் மாதா படத்துக்கு முன்னால வெளக்குல ஊத்துனேன். திரி கருகுச்சு. சுடர் நிக்கல. மறுபடியும் பத்த வச்சேன், மறுபடியும் அணைஞ்சிட்டு. அவளே வேண்டாங்கான்னு தோணுச்சு. பொறவு அத அடுப்பாங்கரைக்குள்ள சேக்கல.”

“கோட்டிக்காரி. திரி நனஞ்சிருக்கும்.”

“அந்தக் கேனக் கொண்டா தாயி” என்றேன்.

அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மோந்து பார்த்தேன். என் விரலுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் இல்லை, கடலை இல்லை, டீசல் இல்லை, இஞ்சின் ஆயில் இல்லை. பஞ்சுத் திரி கிள்ளி அதில் முக்கிப் பற்ற வைத்தேன். சீறியது, கருத்தது, அணைந்தது. எண்ணெயில் தீ வைத்து நான் தோற்றது அன்றுதான்.

அப்போது ஒரு பழைய ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குள் கிரீஸ் கொண்டுபோனபோது, ஏதோ பெரிய மிஷினுக்கான பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கியவர்கள் எல்லாரும் தடித்த கையுறை போட்டிருந்தார்கள். எண்ணெய்க்கு எதற்குக் கையுறை என்று கேட்டேன். “இது தீப்பிடிக்காத எண்ணெய், ஆனா ஒடம்புக்குள்ள போனா நரம்புக்கு ஆவாது” என்றார் அங்கே நின்ற சூப்பர்வைசர். எனக்கு வேண்டாத சரக்கு என்று அன்றைக்கு மறந்துவிட்டேன். இப்போது பர்னபாஸின் வற்றிய காலைப் பார்த்தேன், கேனைப் பார்த்தேன், என் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.

“இத சோதனைக்குக் குடுத்துப் பாக்கணும்லே.”

பர்னபாஸ் பல்லைக் காட்டினான். “ஒங்க கடையில வாங்காத எண்ணெயெல்லாம் விசமாக்கும்?”

“பேச்ச வளக்காத மூதி. இது ஒன் நெஞ்சுக்குள்ள போயிருக்கு.”

“எப்பிடிப் போவும்? எண்ணெ மிஷினுக்குள்ள கெடக்கு. நடுவுல பஞ்சு டப்பா இருக்கு, கரி இருக்கு. காத்துதான் வரும், எண்ணெ வராது.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம். “சரி. ஆன்டனி இப்ப எந்த எண்ணெயில குளிக்கான்?”

வெளியே யாரோ வலை உலர்த்திக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். மரியசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அவன் ஓஸு புதுசு” என்றான் பர்னபாஸ். கொஞ்சம் கழித்து, “அவன் ஓஸு புதுசுல்லா அண்ணாச்சி” என்று மறுபடியும் சொன்னான். கம்பை எடுத்து ஊன்றினான். “எனக்கு வந்தது வந்துட்டு. பய காலு ரெண்டும் நல்லாருக்கணும். அதுக்காவ வாரேன். எங்கன வரணும்?”

என் தம்பி மகள் இசக்கிசெல்வி வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். படிக்க வைத்தது நான். ஏற்றுமதிக்குப் போகும் எறாலில் ஏதாவது மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பெரிய மிஷின் அவள் பொறுப்பில் இருக்கிறது. போனில் விவரம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வியே சரியாக இருந்தது.

“பெரியப்பா, கேன்ல இருக்கிறது என்னன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். அது மூச்சுல போச்சாங்கிறதுதான் முக்கியம். ஓஸுக்குள்ள ஈரம் ஏதாவது மிச்சம் இருக்குமா?”

அவள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பர்னபாஸ் கடைசியாகக் கடலிலிருந்து ஏறிய அன்று அவனே அடைத்த துணி, இன்னும் அவன் ஓஸில் அப்படியே இருந்தது. வேறு யாரும் திறக்க மாட்டார்கள். அதுதான் அந்த வள்ளத்தின் சட்டம்.

ஆன்டனிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. மறுநாள் தொழிலுக்குப் போகாமல் அப்பன் ஓஸையும் தன் ஓஸையும் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்தவன் வழியெல்லாம் முனகினான்.

“எறா ஆபீசுக்கு ஓஸு தூக்கிட்டுப் போறோம். நாளைக்கு மீன் மார்க்கெட்டுக்கு மிஷினக் கொண்டு போவோமா? ஓஸுக்குள்ள என்ன இருக்கும், என் எச்சில்தான இருக்கும் அண்ணாச்சி.”

“எச்சிலா இருந்தா ஒனக்கு பிரியாணி வாங்கித் தாரேன்லே.”

“ரெண்டு பிளேட்டு” என்றான்.

இசக்கிசெல்வி வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக வந்தாள். பர்னபாஸை உட்கார வைத்து, அவன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “மாமா, ஒங்க ஓஸ நீங்களே திறங்க” என்றாள்.

அவன் துணியை உருவினான். அவள் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். ஓஸின் உள்சுவரில் பனி பிடித்தாற்போல் துளிகள். கொசுவின் கண்ணைவிடச் சின்னவை. கடலடியில் அவன் கடைசியாக இருந்தபோது மிஷின் அவனுக்குக் கொடுத்த காற்றின் ஈரம் அது. தலைமயிர் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழலை நீட்டி ஒரு துளியைத் தொட்டாள். துளி தானாக ஏறிக்கொண்டது.

“இவ்வளவுதானா? இத வச்சு என்னத்தக் காண?” என்றேன்.

“இதே சாஸ்தி பெரியப்பா. இதுல நூறுல ஒரு பங்கு போதும்.”

அந்த மிஷினை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிறார்கள். எனக்கு விளங்கின வரை சொல்கிறேன். துளியை ஊசி முனைக்குக் கொண்டுவந்து அதில் கரண்ட் கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத தூறலாகச் சிதறும். ஈரம் காய்ந்து போகும். மிச்சப் பொருள் காற்றே இல்லாத ஒரு அறைக்குள் இழுக்கப்படும். அங்கே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக எடை போடுகிறது. தராசு பிடித்தே வாழ்ந்தவன் நான். எடைக்கல்லில் என்னை ஏமாற்றியவன் தூத்துக்குடியில் கிடையாது. ஆனால் உலகத்தில் இப்படி ஒரு தராசு உண்டு என்று எனக்குத் தெரியாது.

“ஒரே எடையில ரெண்டு பொருள் இருந்தா?” என்று கேட்டேன். வியாபாரி கேட்கும் கேள்வி அது.

அவள் சிரித்தாள். “நல்லா கேட்டீங்க. ஒடச்சிருவோம். முழுசா எடை போட்டா ஆள் மேல சந்தேகம்தான். ஒடச்சுத் துண்டு துண்டா எடை போட்டா ஆள் சிக்கிருவான்.”

அவள் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் என் ரத்தம் என்று சொல்லலாம். எடுத்தவுடன் ஓஸுக்குப் போகவில்லை. ஓஸ் செய்த பிளாஸ்டிக்கிலிருந்தே ஏதாவது கசிந்திருந்தால் வீண்பழி ஆகிவிடும் என்று, ஆன்டனியின் புது ஓஸில் வெட்டி மீந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். கடலையே பார்க்காத துண்டு அது. அதைக் கழுவிய ஈரத்தை முதலில் மிஷினுக்குக் கொடுத்தாள். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்து என் கடைத் தேங்காய் எண்ணெய். அதற்கு உரிய கோடுகள் எழுந்தன. வேறு எதுவும் இல்லை. கலப்படம் இல்லை என்று அந்த மிஷினே சொன்னது, குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கேனில் இருந்ததைக் கொடுத்தாள், ஆயிரம் மடங்கு தண்ணியாக்கி. திரையில் ஒரு இடத்தில் கோடு ஒற்றைப் பனையாக நிமிர்ந்து நின்றது. அதை உடைத்தாள். துண்டுகளைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள்.

“என்ன தாயி?” என்றான் பர்னபாஸ். கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“பாஸ்பேட் வகை எண்ணெய் மாமா. நெருப்புக்குப் பயந்து பெரிய மிஷின்ல ஊத்துறது. மனுசன் மூச்சுப் பக்கம் வரவே கூடாது.”

“மிஷின்ல ஊத்துனது சரி. மூச்சுக்கு வந்துச்சா?”

அவன் ஓஸின் துளியை ஊசிக்கு வைத்தாள். நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்தோம். அறை ஜில்லென்று இருந்தது, மிஷினின் பம்ப் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கோடு எழுந்தது. அதே இடம். உடைத்தாள். அதே துண்டுகள்.

பர்னபாஸ் தன் காலைப் பார்க்கவில்லை. ஆன்டனியின் தோளில் கிடந்த மஞ்சள் ஓஸைப் பார்த்தான்.

“இது புதுசு” என்றான்.

ஆன்டனி இப்போது முனகவில்லை. தான் அடைத்த துணியைத் தானே உருவினான். அவன் விரலுக்கு அந்தத் துணி அன்று சுலபத்தில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். இசக்கிசெல்வி புதுக் குழல் எடுத்தாள், புது ஊசி மாற்றினாள், நடுவில் வெறும் தண்ணீர் கொடுத்து மிஷினைச் சுத்தம் செய்தாள். கோடு முழுக்கத் தரையில் படுத்த பிறகுதான் மகனின் துளியை வைத்தாள்.

நான் கும்பிடும் சுடலைமாடனை அங்கே நின்று கும்பிட்டேன். மரியசெல்வியின் மாதாவையும் கும்பிட்டேன்.

கோடு எழுந்தது. அப்பன் ஓஸைவிடக் குட்டைதான், ஆனால் அதே இடத்தில் எழுந்தது.

“பிரியாணி போச்சு” என்றான் ஆன்டனி.

பர்னபாஸ் ஒரு கேள்விதான் கேட்டான். தன் காலைப் பற்றி இல்லை. “இவனுக்கு ஒண்ணும் இல்லியே தாயி? நல்லா நடக்கானே?”

இசக்கிசெல்வி கண்ணாடியைக் கழற்றினாள். “நான் டாக்டர் இல்ல மாமா. ரெண்டு பேரும் இந்த ரிசல்ட்ட எடுத்துட்டு நரம்பு டாக்டர்கிட்ட போகணும். கம்ப்ரசர்னு வாயைத் திறந்து சொல்லணும். இது போன உடனே காட்டாது. உள்ள போய் சில வாரம் கழிச்சுத்தான் கால்ல காட்டும். கொஞ்சமா போயிருந்தா ஒண்ணுமே இல்லாமலும் போவலாம். இனிமே ஒரு மூச்சு கூட அதுல எடுக்கக்கூடாது.”

“சில வாரம்” என்று பர்னபாஸ் மெதுவாகச் சொன்னான். மகன் இறங்கத் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று அவன் மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து என் காரிலேயே நேராகக் கடற்கரைக்கு வந்தோம். மிஷினில் மிச்சம் இருந்த எண்ணெயை உடனே இறக்கிவிட வேண்டும், வேறு எவனும் தெரியாமல் தொட்டுவிடக்கூடாது என்று பர்னபாஸ் பிடிவாதம் பிடித்தான். இதில் என் புத்தியையும் சொல்ல வேண்டும். கடலிலோ மணலிலோ கொட்டக்கூடாது, அதே நீலக் கேனில் பிடித்து இசக்கிசெல்வியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னவன் நான். தடித்த கையுறை என் கடையிலேயே இருந்தது. இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

கடல் அன்று எண்ணெய் ஊற்றிய மாதிரி அலையில்லாமல் கிடந்தது. துறைமுகத்துப் பக்கம் கப்பல்கள் அசையாமல் நின்றன. அவற்றில் எதிலெல்லாம் இந்த மாதிரிக் கேன் இருக்கிறதோ, எது எப்போது தவறி விழுமோ, எந்தக் கரைக்காரன் எடுத்துத் தீக்குச்சி கிழித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவானோ என்று எனக்கு யோசனை ஓடியது.

பர்னபாஸைக் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் உட்கார வைத்தேன். ஆன்டனி தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தில் ஏறி மிஷினின் அடித் திருகைக் கழற்றினான். எண்ணெய் கேனுக்குள் இறங்கியது. இவ்வளவு நடந்த பிறகும் அது தெளிவாக, வாடையில்லாமல், பார்க்க நல்லதாகவே இருந்தது. மூடியை இறுக்கி, தூக்கிக்கொண்டு கரைக்கு ஏறினான். கரையில் கழற்றிவிட்டுப் போயிருந்த செருப்பை மாட்டிக்கொண்டான்.

“பயலுக்கு நல்ல பலம்” என்றேன். என்னவாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். “டாக்டர் பாக்கட்டும். ஒண்ணும் இருக்காதுலே. நான் பாத்துக்கிடுதேன். மதுரை போவணும்னாலும் என் கார் இருக்கு. தொழிலுக்கு என் கடை இருக்கு, ஆன்டனி நாளையில இருந்து அங்கன வரட்டும்.”

பர்னபாஸ் தன் மகன் எங்களைத் தாண்டி, கார் நிற்கும் ரோட்டைப் பார்த்து நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்த நடைதான். ஒரு கையில் கனத்த கேன், தோளில் மஞ்சள் ஓஸ். அதன் இரண்டு வாயும் துணி வைத்து அடைத்திருந்தது. சோதனை முடிந்ததும் அவனே மறுபடி அடைத்திருக்கிறான், பழக்கம் விடுமா.

“அண்ணாச்சி” என்று பர்னபாஸ் என் கையைப் பிடித்தான். பிடியில் இரும்பு மாதிரி பலம், காலில்தான் இல்லை.

அவன் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். எங்களுக்கும் ஆன்டனிக்கும் நடுவில், ஈரம் காயாத மணலில், ஒரு செருப்பு கிடந்தது. வலதுகால் செருப்பு.

முன்பு அப்பனைக் கூப்பிட்டுக் கேலி செய்தவன் நான். இந்தத் தடவை பர்னபாஸ்தான் கூப்பிட்டான்.

“ஏலே ஆன்டனி. செருப்புலே.”

ஆன்டனி திரும்பினான். முதலில் எங்களைப் பார்த்தான். பிறகு கேனைக் கீழே வைத்துவிட்டு, “எந்தக் காலுப்பா?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தான்.